மூச்சின் வரலாறு – 11: சேத்துப்பட்டு சொன்ன தீர்ப்பு

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை அறிவித்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். அந்தக் கிருமியைக் கொல்லும் மருந்து ஆய்வுக்கூடத்தில் கிடைத்தது 1943 அக்டோபரில். நடுவே 61 ஆண்டுகள். எதிரி யாரென்று தெரிந்தும் கையில் ஆயுதம் இல்லாத காலம் அது. இருமி இருமி ரத்தம் கக்கி வந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் மருத்துவர்கள் என்ன செய்தார்கள்? மருந்து வந்த பிறகு அது ஏழையின் வீட்டுக்குள் எப்படி நுழைந்தது? முதல் கேள்விக்கு ஐரோப்பாவின் அறுவை அரங்குகளில் விடை தேட வேண்டும். இரண்டாவதற்கு விடை எழுதப்பட்டது சென்னையில், சேத்துப்பட்டில்.

ஓய்வே மருந்து

1850களில் ஜெர்மன் மருத்துவர் ஹெர்மன் பிரேமர், சைலீசியா மலைப்பகுதியில் இருந்த கொர்பர்ஸ்டார்ஃப் என்ற ஊரில் காசநோயாளிகளுக்காக ஒரு விடுதி தொடங்கினார். தூய காற்று, நல்ல உணவு, அளவான நடை, மிகுதி நேரம் ஓய்வு. சானடோரியம் என்று உலகம் பிறகு அறிந்த மருத்துவமனைகளுக்கெல்லாம் இதுவே முன்னோடி. அமெரிக்காவில் எட்வர்ட் ட்ரூடோ 1880களில் சாரனாக் ஏரிக்கரையில் இதே முறையைத் தொடங்கினார். அவரே காசநோயாளி.

இந்த முறையின் பிடியில் ஒரு தமிழ் மேதையும் இருந்தார். முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்தில் நோயுற்ற கணித மேதை சீனிவாச ராமானுஜன், 1917-ல் மென்டிப் குன்றுகளில் இருந்த ஒரு சானடோரியத்தில் சேர்க்கப்பட்டார். அங்கே அவருக்கு வைத்தியம் பார்த்தவர் டாக்டர் சவுரி முத்து. பிறகு டெர்பிஷையரில் உள்ள மேட்லாக்குக்கு மாற்றப்பட்டார். குளிர்காற்று படும்படி நோயாளியைக் கிடத்துவது அன்றைய சிகிச்சையின் உயிர்நாடி. குளிரையும் ஒத்துக்கொள்ளாத உணவையும் தாங்க முடியாமல் தவித்தார் ராமானுஜன். 1920 ஏப்ரல் 26 அன்று அவர் இறந்தது சேத்துப்பட்டில். அவருக்கு இருந்தது காசநோய்தானா என்று பிற்காலத்தில் மருத்துவர்கள் ஐயம் எழுப்பினார்கள். கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்பது ஒரு முடிவு. எது உண்மையானாலும், அன்று அவருக்குத் தர முடிந்தது ஓய்வும் காற்றும் மட்டுமே.

அதே சவுரி முத்து தாயகம் திரும்பி 1928-ல் தாம்பரத்தில் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். தொடங்கும்போது இருந்தவை 12 படுக்கைகள். 1937-ல் சென்னை மாகாண அரசு அதை எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த இடத்துக்கு வந்து நிற்கும் மின்சார ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் தாம்பரம் சானடோரியம்தான். தாம்பரத்துக்கு முன்பே, மதனப்பள்ளி அருகே ஆரோக்கியவரத்தில் கிறித்தவ மிஷன்கள் கூடி அமைத்த சானடோரியம் இருந்தது. டென்மார்க்கிலிருந்து வந்த டாக்டர் கிறிஸ்தியன் ஃப்ரிமோட் மோலர் அதைப் பல ஆண்டுகள் நடத்தினார்.

ஓய்வு சிலரைக் காப்பாற்றியது. பலரைக் காப்பாற்றவில்லை. நுரையீரலில் கிருமி அரித்து உண்டாக்கிய குழி மூடாதவரை, எத்தனை மாதம் படுத்தாலும் நோய் ஆறாது என்பதை மருத்துவர்கள் மெல்லப் புரிந்துகொண்டார்கள். உடல் முழுவதும் ஓய்வெடுத்தாலும் நுரையீரல் மட்டும் மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கிறது. அதற்கும் ஓய்வு கொடுக்க முடியுமா?

காற்றை வைத்து நுரையீரலை அமுக்கினார்கள்

நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைக்கலாம் என்ற யோசனையை லிவர்பூல் மருத்துவர் ஜேம்ஸ் கார்சன் 1820களிலேயே எழுதிவிட்டார். அதைச் செய்து காட்டியவர் இத்தாலியரான கார்லோ ஃபோர்லானினி. நெஞ்சுக்கூட்டுக்குள் தானாகக் காற்றோ நீரோ புகுந்து ஒரு பக்க நுரையீரல் சுருங்கிப்போன காசநோயாளிகளில் சிலர், எதிர்பாராத விதமாகத் தேறுவதை அவர் கவனித்தார். 1882-ல் தன் கருத்தை வெளியிட்டார். 1888-ல் நோயாளிக்குச் செய்து பார்த்தார்.

செய்முறையைப் புரிந்துகொள்வது எளிது. நுரையீரலைச் சுற்றி இரட்டைச் சவ்வு இருக்கிறது. நுரையீரல் இயல்பாகச் சுருங்கவே முயலும். இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள குறைந்த அழுத்தம்தான் அதை விரித்துப் பிடித்திருக்கிறது. விலா எலும்புகளுக்கு இடையே ஊசியைச் செருகி அந்த இடைவெளிக்குள் காற்றைச் செலுத்தினால் பிடி விட்டுப்போகும்; நுரையீரல் சுருங்கும்; குழியின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கிருமியின் பெருக்கமும் தளரும். ஃபோர்லானினி நைட்ரஜனைப் பயன்படுத்தினார், அது உடலில் மெதுவாக உறிஞ்சப்படும் என்பதால். சிகாகோவில் ஜான் மர்ஃபி 1898-ல் இதே முறையை அமெரிக்காவில் அறிமுகம் செய்தார்.

செலுத்திய காற்று சில நாட்களில் உறிஞ்சப்பட்டுவிடும். எனவே நோயாளி திரும்பத் திரும்ப வந்து காற்று வைத்துக்கொள்ள வேண்டும். முதலில் சில நாட்களுக்கு ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று வாரங்களுக்கு ஒருமுறை. இப்படி மூன்று ஆண்டு, ஐந்து ஆண்டு. ஒவ்வொரு முறையும் நுரையீரல் எவ்வளவு சுருங்கியிருக்கிறது என்று எக்ஸ்ரே திரையில் பார்ப்பார்கள். அந்தக் கதிர்வீச்சை ஆண்டுக்கணக்கில் மார்பில் வாங்கிய பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடுதலாக வந்தது என்பதைக் கனடாவிலும் அமெரிக்காவிலும் 1960களிலும் 70களிலும் செய்த ஆய்வுகள் காட்டின. ஒரு நோயிலிருந்து தப்பியவர்கள் இன்னொன்றுக்கு விலை கொடுத்தார்கள்.

சவ்வுகள் ஒட்டிப்போயிருந்தால் காற்று உள்ளே போகாது. ஸ்டாக்ஹோமில் ஹான்ஸ் கிறிஸ்தியன் யாக்கோபேயஸ் 1910 வாக்கில் ஒரு குழாய்க் கருவியை நெஞ்சுக்குள் செலுத்திப் பார்க்கத் தொடங்கினார். பிறகு அதன் வழியாகவே அந்த ஒட்டுகளைச் சுட்டு அறுத்தார். சிறு துளை போட்டு நெஞ்சுக்குள் செய்யும் இன்றைய அறுவை சிகிச்சைகளின் தொடக்கம் அங்கே இருக்கிறது.

விலா எலும்பை வெட்டிய காலம்

காற்று பலிக்காதவர்களுக்கு அடுத்த படி கத்தி. விலா எலும்புகளை வெட்டி எடுத்துவிட்டால் நெஞ்சுச் சுவர் உள்வாங்கும். அதன் கீழே இருக்கும் நுரையீரல் நிரந்தரமாக அமுங்கும். தோரகோபிளாஸ்டி என்று இதற்குப் பெயர். 1880களில் ஐரோப்பாவில் தொடங்கிய முறை, முதல் உலகப் போருக்குப் பின் உலகமெங்கும் பரவியது. ஏழு, எட்டு, சிலருக்குப் பத்து விலா எலும்புகள் வரை எடுத்தார்கள். ஒரே தடவையில் உடல் தாங்காது என்பதால் சில வார இடைவெளியில் இரண்டு மூன்று கட்டங்களாகச் செய்தார்கள். மரத்துப்போகச் செய்யும் ஊசி மட்டும் போட்டு, நோயாளி விழித்திருக்கும்போதே எலும்பை வெட்டியதும் உண்டு. பிழைத்தவர்களின் தோள் ஒரு பக்கம் சரிந்து, முதுகுத்தண்டு வளைந்து, மூச்சு குறைந்துபோனது. என்றாலும் பலருடைய சளியில் கிருமி மறைந்தது. உயிர் மிஞ்சியது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் அலெக்சாண்டர் இந்தத் துறையின் பெரிய ஆசிரியர். அவரும் காசநோயாளி. நுரையீரல் காசநோய் அறுவை சிகிச்சை பற்றி 1925-ல் அவர் வெளியிட்ட நூலைப் படித்து ஒரு தலைமுறை மருத்துவர்கள் தொழில் கற்றார்கள். உதரவிதானத்தை இயக்கும் நரம்பை நசுக்கி அதைச் செயலிழக்கச் செய்வது, விலா எலும்புக்கு அடியில் பாரஃபின் மெழுகையோ அக்ரிலிக் உருண்டைகளையோ திணித்து நுரையீரலை அமுக்குவது என்று வழிமுறைகள் பெருகின.

நெஞ்சைத் திறந்து நுரையீரலையே தொடுவதற்கு வேறொரு தடை இருந்தது. நெஞ்சு திறந்தவுடன் வெளிக்காற்று புகுந்து நுரையீரல் சுருங்கிவிடும். நோயாளி மூச்சுத் திணறி இறப்பார். ப்ரெஸ்லாவில் இளம் மருத்துவர் ஃபெர்டினாண்ட் சாவர்புரூக் 1904-ல் காற்றழுத்தம் குறைக்கப்பட்ட ஓர் அறையைக் கட்டினார். அறுவை செய்பவர்களும் நோயாளியின் உடலும் அறைக்குள்; நோயாளியின் தலை மட்டும் வெளியே. பிறகு மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்திக் காற்றூட்டும் முறை வந்தது. அறை தேவையற்றுப் போனது. 1933 ஏப்ரல் 5 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம் புற்றுநோய் கண்ட ஒரு மருத்துவரின் ஒரு பக்க நுரையீரலை ஒரே அறுவையில் முழுமையாக எடுத்தார். அந்த நோயாளி மேலும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியாவில் நெஞ்சக அறுவை சிகிச்சைக்கெனத் தனித் துறை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1940களின் இறுதியில் அமெரிக்க மருத்துவர் ரீவ் பெட்ஸ் வழியாக உருவானது.

இந்த அறுவை சிகிச்சைகளைக் கொடுமை என்று இன்று சொல்லிவிடுவது எளிது. வேறு வழியில்லாத ஒரு காலத்தில், சாகப்போகிறவரைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மனமில்லாத மனிதர்கள் கண்டுபிடித்தவை அவை. நுரையீரலைத் தொடவே முடியாது என்றிருந்த நிலையை அவர்கள் மாற்றினார்கள். ஆனால் அவர்களால் எட்ட முடியாத எல்லை ஒன்று இருந்தது: கத்தி எத்தனை பேரைக் காப்பாற்ற முடியும்? அறுவை அரங்கு, தேர்ந்த கை, மாதக்கணக்கான படுக்கை எல்லாம் கிடைத்தவர்களை மட்டும்தான்.

மண்ணிலிருந்து வந்த மருந்து

அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வுக்கூடத்தில், மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் 1943 அக்டோபர் 19 அன்று மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தார். மேயோ மருத்துவமனையில் வில்லியம் ஃபெல்ட்மனும் கார்வின் ஹின்ஷாவும் அதை முதலில் கினிப் பன்றிகளிலும் பிறகு மனிதர்களிலும் சோதித்தார்கள். காசநோய்க் கிருமியை உடலுக்குள்ளேயே தாக்கும் மருந்து கிடைத்துவிட்டது.

போரில் நொடித்திருந்த பிரிட்டனால் சிறிதளவு மருந்தையே வாங்க முடிந்தது. எல்லாருக்கும் கொடுக்கப் போதாது. அந்தப் பற்றாக்குறையை நேர்மையான ஆய்வாக மாற்றியவர் புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில். இரண்டு நுரையீரலிலும் நோய் வேகமாகப் பரவி, காற்று வைக்கும் சிகிச்சைக்கும் தகுதியில்லாமல் போன இளைஞர்கள் 107 பேர் ஆய்வில் சேர்ந்தார்கள். யாருக்கு மருந்து என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. மூடிய உறைக்குள் இருந்த எண் தீர்மானித்தது. 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசினும் படுக்கை ஓய்வும். 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் மருந்து பெற்றவர்களில் 4 பேர் இறந்திருந்தார்கள். பெறாதவர்களில் 14 பேர். 1948 அக்டோபரில் இந்த முடிவு வெளியானது. புதிய மருந்தை எப்படிச் சோதிக்க வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஆனால் ஐந்து ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தபோது மருந்து பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தார்கள். பெறாத 52 பேரில் 35 பேர். முதல் ஆறு மாதத்தில் தெரிந்த வேறுபாடு பெரும்பாலும் கரைந்துவிட்டது. காரணம், கிருமி அந்த ஒற்றை மருந்துக்கு அடங்காமல் பழகிக்கொண்டது.

இந்த மாறுதல் காலத்தில் இரண்டு எழுத்தாளர்களை நோய் கொண்டுபோனது. ஜார்ஜ் ஆர்வெல் 1947 இறுதியில் ஸ்காட்லாந்தின் ஹேர்மயர்ஸ் மருத்துவமனையில் சேர்ந்தார். அவருடைய உதரவிதான நரம்பை நசுக்கினார்கள். வயிற்றுக்குள் காற்று செலுத்தினார்கள். அமெரிக்காவிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினும் வரவழைத்தார்கள். மருந்து ஒத்துக்கொள்ளாமல் தோல் உரிந்து வாய் புண்ணாகி, நிறுத்த வேண்டியதாயிற்று. 1950 ஜனவரியில் ரத்தம் கக்கி இறந்தார். நம் புதுமைப்பித்தன் திரைப்பட வேலையாகப் புனேயில் இருந்தபோது காசநோய்க்கு ஆளாகி, 1948-ல் திருவனந்தபுரத்தில் 42 வயதில் மறைந்தார். பிரிட்டன் ஆய்வின் முடிவு அச்சானது அவர் மறைந்து சில மாதங்கள் கழித்து.

ஒரு மருந்து போதாதென்றால் இரண்டைச் சேர்க்கலாம் அல்லவா? ஸ்வீடனில் யோர்கன் லேமன் கண்டுபிடித்த பாஸ் மருந்தை ஸ்ட்ரெப்டோமைசினுடன் சேர்த்துத் தந்தபோது கிருமி பழகிக்கொள்வது வெகுவாகக் குறைந்தது. 1952-ல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் இருந்த சீவியூ மருத்துவமனையிலிருந்து மூன்றாவது மருந்தைப் பற்றிய செய்தி வந்தது: ஐசோனியசிட். பிராகா நகரில் 1912-லேயே தயாரிக்கப்பட்டு, பயன் தெரியாமல் நாற்பது ஆண்டுகள் கிடந்த வேதிப்பொருள். விலை மலிவு, மாத்திரையாக விழுங்கலாம். 1950களின் நடுவில் எடின்பரோவில் ஜான் கிராஃப்டன் மூன்று மருந்துகளையும் கவனமாகச் சேர்த்துக் கொடுத்து, ஏறக்குறைய எல்லா நோயாளிகளையும் குணமாக்க முடியும் என்று காட்டினார்.

சென்னையில் கேட்கப்பட்ட கேள்வி

1955 முதல் 1958 வரை நடந்த தேசிய ஆய்வு, இந்தியாவில் நகரம் கிராமம் என்ற பேதமில்லாமல் காசநோய் பரவியிருப்பதைக் காட்டியது. நோயாளிகள் லட்சக்கணக்கில், சானடோரியப் படுக்கைகள் சில ஆயிரங்கள். புதிய மருந்துகள் இருந்தன. ஆனால் மருந்து படுக்கையோடு சேர்ந்துதான் வேலை செய்யும் என்பதே உலக மருத்துவத்தின் நம்பிக்கை. ஓய்வு, உணவு, காற்று, பிரித்து வைத்தல் இவை இல்லாமல் மாத்திரையை மட்டும் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் நோய் ஆறாது, வீட்டிலுள்ளவர்களுக்கும் தொற்றும் என்று பயந்தார்கள். அந்த நம்பிக்கை சரியென்றால் இந்தியாவின் பெரும்பாலான நோயாளிகளுக்கு மருந்து வந்தும் பயனில்லை.

இதைச் சோதித்துப் பார்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் கைகோத்தன. 1956-ல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் பிறந்தது. ஆய்வை வழிநடத்த வந்தவர் வாலஸ் ஃபாக்ஸ். உறைக்குள் எண்ணை வைத்து நோயாளிகளைப் பிரித்த பிரிட்டன் மரபு அவரோடு சென்னைக்கு வந்தது.

சளியில் கிருமி கண்ட, முன்பு சிகிச்சை பெறாத சென்னை நகரத்து ஏழைகள் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேர் சானடோரியத்துக்குப் போனார்கள். பாதிப் பேர் தங்கள் வீட்டிலேயே இருந்தார்கள். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிடும் பாஸும், ஓராண்டு முழுக்க. சானடோரியத்தில் சத்தான சாப்பாடு, நல்ல காற்று, நீண்ட ஓய்வு, செவிலியர் கவனிப்பு. வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான ஒற்றை அறை, அரைவயிற்றுச் சோறு. தேறத் தொடங்கியதும் பலர் வேலைக்கும் போனார்கள்.

வீட்டுப் பிரிவை அப்படியே விட்டுவிடவில்லை என்பதுதான் இந்த ஆய்வின் உயிர். நோயாளிகள் குறித்த நாளில் மையத்துக்கு வந்து மருந்து வாங்கினார்கள். வராதவரைத் தேடி ஊழியர்கள் வீட்டுக்குப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். குடும்பத்தில் எல்லாருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

1959-ல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் முடிவு வந்தது. ஓராண்டுச் சிகிச்சைக்குப் பின் நோய் அடங்கியவர்கள் சானடோரியப் பிரிவில் 92 சதவீதம். வீட்டுப் பிரிவில் 86 சதவீதம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு எடை கூடுதலாக ஏறியிருந்தது, அவ்வளவே. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தபோது இரு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

அதைவிடப் பெரிய செய்தி குடும்பத்தாரைப் பற்றியது. எஸ். ராதாகிருஷ்ணா, எஸ். தேவதத்தா, சி.வி. ராமகிருஷ்ணன், எஸ். வேலு உள்ளிட்டோர் 1960-ல் வெளியிட்ட ஆய்வும் அதன் தொடர்ச்சியும் காட்டியது இது: நோயாளி மருந்து உண்டபடி வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து வரவில்லை. நோய் கண்டுபிடிக்கப்படும் முன்பு இருமிய மாதங்களில்தான் பெரும்பாலும் தொற்று நடந்து முடிந்திருந்தது. சிகிச்சை தொடங்கியபின் அவரை வீட்டைவிட்டு வெளியேற்றுவதால் ஆவது ஒன்றுமில்லை.

தட்டையும் தம்ளரையும் தனியே வைத்து, திண்ணையில் படுக்க விட்டு, மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பி வாழ்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இந்த ஒரு முடிவு விடுதலைப் பத்திரம்.

கண்முன்னே ஒரு விழுங்கு

வீட்டில் இருந்தபடியே பெறும் சிகிச்சை பலிக்கும் என்று தெரிந்ததும் அடுத்த சிக்கல் எழுந்தது. ஓராண்டு முழுக்க நாள் தவறாமல் மாத்திரை விழுங்குவது மனித இயல்புக்குக் கடினம். இருமல் நின்று உடம்பில் தெம்பு வந்ததும் மருந்தை விட்டுவிடுவார்கள். சென்னை மையம் வாரத்துக்கு இரண்டு முறை மட்டும் நோயாளியை வரவழைத்து, ஊழியர் கண்முன்னே ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் அதிக அளவு ஐசோனியசிடும் கொடுத்துப் பார்த்தது. தினமும் வீட்டில் உண்டவர்களுக்குக் கிடைத்த பலனுக்கு இது குறையவில்லை என்று 1964-ல் அறிவித்தது. பல பத்தாண்டுகள் கழித்து, 1990களில் உலக சுகாதார நிறுவனம் டாட்ஸ் என்ற பெயரில் நாடு நாடாகக் கொண்டுபோன நேரடிக் கண்காணிப்பு முறைக்கு வேர் இந்தச் சேத்துப்பட்டு ஆய்வுகளில் இருக்கிறது.

உலகமெங்கும் சானடோரியங்கள் ஒவ்வொன்றாக மூடின. சில பொது மருத்துவமனைகளாயின. ரிஃபாம்பிசினும் பைராசினமைடும் சேர்ந்த பிறகு சிகிச்சைக் காலம் ஆறு மாதமாகச் சுருங்கியது. விலா எலும்பை வெட்டும் அறுவை சிகிச்சை ஏறக்குறைய மறைந்தது. நெஞ்சக அறுவை மருத்துவர்களின் கத்தி முழுதும் ஓயவில்லை. மருந்துக்கு அடங்காத கிருமி ஒரு பகுதியில் மட்டும் தங்கியிருக்கும்போதும், ரத்தம் நிற்காமல் வரும்போதும் அது இன்றும் தேவைப்படுகிறது. மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முன்பு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஊசிகளோடு நீண்ட சிகிச்சை, 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் கூட்டு மருந்தால் ஆறு மாத மாத்திரையாகிவிட்டது.

சென்னை மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். ராமானுஜன் கண்மூடிய அதே சேத்துப்பட்டில் இயங்குகிறது.

தவறாகப் படிக்கப்பட்ட ஒரு வரி

சென்னை ஆய்வின் ஒரு முடிவைப் பின்வந்தவர்கள் தங்களுக்கு வசதியாகப் படித்துக்கொண்டார்கள். சத்துணவு இல்லாமலும் மருந்து வேலை செய்யும் என்று ஆய்வு சொன்னது. அது உண்மை. அதைச் சாக்காக வைத்து, நோயாளியின் பசி நம் பொறுப்பில்லை என்று திட்டங்கள் பல காலம் ஒதுங்கிக்கொண்டன. அந்த முடிவு அப்படிச் சொல்லவில்லை. படுக்கையும் பாலும் முட்டையும் இல்லையென்பதற்காக மருந்தை மறுக்காதே என்றுதான் சொன்னது.

ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023-ல் இதற்குப் பதில் தந்தது. நோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் தானியமும் பருப்பும் தந்தபோது அவர்களுக்குப் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. நோயாளிகளில் முதல் இரண்டு மாதத்தில் எடை கூடியவர்கள் இறப்பது வெகுவாகக் குறைந்தது. இதிலும் சென்னை நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. மருந்து கிருமியைக் கொல்கிறது. நோய்க்கு வீட்டின் கதவைத் திறந்துவிடுவது பசி.

வீட்டிலேயே எல்லாரும் தேறிவிடுவார்கள் என்பதும் சென்னையின் தீர்ப்பு அல்ல. தமிழ்நாடு அரசு 2022-ல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டம், நோய் கண்டுபிடித்த உடனேயே ஒவ்வொருவரின் எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பவற்றைப் பார்க்கச் சொல்கிறது. ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறது. ஒரு காலத்தில் எல்லாருக்கும் விதிக்கப்பட்ட படுக்கை, இன்று உண்மையாகவே தேவைப்படுபவருக்குப் போகிறது.

2023-ல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள். நோயுற்றவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இந்தியர். மருந்து இல்லாத காலத்து மரணங்களுக்கு மருத்துவம் பொறுப்பேற்க முடியாது. ஆறு மாத மாத்திரையில் குணமாகும் நோயில் இன்று ஒருவர் இறந்தால், நோய் தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது, மருந்து தடைபட்டது, பட்டினி கிடந்தார், அல்லது வெளியே சொல்ல அஞ்சினார் என்பவற்றில் ஒன்றே பெரும்பாலும் காரணமாக இருக்கும். நான்கும் மனிதர்கள் கையில் இருப்பவை.

எனவே இந்தத் தொடரைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ, வேலை செய்யும் இடத்திலோ, பக்கத்து வீட்டிலோ யாருக்காவது இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், மாலையில் காய்ச்சல் வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால், அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். பரிசோதனையும் மருந்தும் இலவசம். நோய் உறுதியானால் அவரைத் தள்ளி வைக்காதீர்கள். வேளைக்குச் சாப்பாடு போடுங்கள். மாத்திரை விழுங்கியாயிற்றா என்று ஆறு மாதமும் கேளுங்கள்.

(தொடரும்)